வாசகர் கேள்வி-பதில்: கொல்லுப்பட்டறையில் பிறந்த ஸ்டுடிபேக்கர்

போன இதழில் பழைய அமெரிக்க கார்களைப் பற்றி எழுதும்போது ஸ்டுடிபேக்கர் என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். அதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்த ஒரு கார்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டுடிபேக்கர் கம்பெனி ஃபோர்டை விடப் பழையது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். காரே இல்லாத காலத்தில் கார் கம்பெனி எப்படி இருந்திருக்கும்?

நண்பர் சொல்வது சரிதான், அது அப்போது கார் கம்பெனியாக இல்லை, அவ்வளவுதான். 1852 பிப்ரவரியில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் ஹென்றி ஸ்டுடிபேக்கர், கிளெமென்ட் ஸ்டுடிபேக்கர் என்ற இரண்டு சகோதரர்கள் 68 டாலர் முதலில் ஒரு கொல்லுப்பட்டறை போட்டார்கள். லாடம் அடிப்பது, வண்டி செய்வது, உடைந்த வண்டியை ஒட்டுப்போடுவது, இதுதான் தொழில். மொத்தம் ஐந்து சகோதரர்கள். அதில் நடுப்பிள்ளை ஜான் என்பவர்தான் கதையில் சுவாரசியமான ஆள். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே ஓடிக்கொண்டிருந்த 1853-ல் அவரும் கிளம்பிப் போனார். போன இடத்தில் தங்கம் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு மண் அள்ள ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். பிளாசர்வில் ஊரில் அவருக்கு 'வீல்பேரோ ஜானி' என்றே பெயர். தோண்டப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், இவர் ஐந்து வருடத்தில் 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858-ல் ஊர் திரும்பினார்.

அந்த நேரம் பட்டறைக்கு ராணுவ ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. மூத்தவர் ஹென்றிக்கு அது பிடிக்கவில்லை, போருக்குத் துணை போகக்கூடாது என்று சொல்லும் டங்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. அவருடைய பங்கை ஜான் வாங்கிக்கொண்டார். அடுத்த மூன்றே வருடத்தில் உள்நாட்டுப் போர். வடக்கு மாநிலங்களின் படைக்கு வண்டி வண்டியாக வண்டி போனது (வேறு எப்படிச் சொல்வது!). போர் முடிந்து மக்கள் மேற்கே குடியேறப் போனபோதும் இவர்கள் வண்டிதான். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே பெரிய குதிரை வண்டிக் கம்பெனி என்று பெயர் வாங்கிவிட்டார்கள்.

கேள்வி: குதிரை வண்டி செய்தவர்கள் எல்லாரும் கார் வந்ததும் காணாமல் போனார்கள். இவர்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்?

டீலர்கள்தான் காரணம் என்பது என் கணிப்பு. எந்த விவசாய ஊருக்குப் போனாலும் ஸ்டுடிபேக்கர் வண்டி விற்கிற ஆள் ஒருவர் இருந்தார், அவரிடம் காரைக் கொடுத்தால் அதையும் விற்பார். 1902-ல் முதலில் செய்தது பேட்டரியில் ஓடும் மின்சார கார். பெட்ரோல் கார் 1904-ல் வந்தது, அதுகூட வேறு கம்பெனி சேஸிஸ்மேல் இவர்கள் பாடி கட்டியதுதான். அப்புறம் டெட்ராய்ட்டில் ஈ.எம்.எஃப். என்ற கம்பெனியின் கார்களை விற்கத் தொடங்கி, கடைசியில் அந்தக் கம்பெனியையே வாங்கினார்கள். அந்தக் கார் அவ்வளவு ரிப்பேர். ஈ.எம்.எஃப். என்றால் 'எவ்ரி மார்னிங் ஃபிக்ஸ்-இட்', அதாவது தினம் காலையில் ரிப்பேர் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். ஸ்டுடிபேக்கர் மெக்கானிக்குகளை அனுப்பிச் சொந்தச் செலவில் அவற்றைச் சரிசெய்து கொடுத்தது. பெயர் கெடவில்லை. 1911-ல் ஸ்டுடிபேக்கர் கார்ப்பரேஷன். 1920 வாக்கில் குதிரை வண்டி தயாரிப்பை மொத்தமாக விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 1930-களில் ஒருமுறை திவாலானதாகப் படித்தேன். பொருளாதார மந்தத்தில் எல்லாக் கம்பெனிக்கும் வந்த கஷ்டம்தானே, இதில் அவர்கள் தப்பு என்ன?

எல்லாருக்கும் மழை பெய்தது, உண்மை. ஆனால் இவர்கள் கூரையைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின். 1920-களில் கம்பெனியை நன்றாக நடத்தியவர், அதை மறுக்க முடியாது. ஆனால் 1929-ல் பங்குச்சந்தை விழுந்த பிறகும், இது சில மாதத்துக் கஷ்டம், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பங்குதாரர்கள் மனம் கோணக்கூடாது என்று 1930-ல் சம்பாதித்த லாபத்தைவிட அதிகமாக டிவிடெண்டு கொடுத்தார். கையிருப்பு கரைந்தது. இதற்கு முன்பே தன் பெயரிலேயே 'எர்ஸ்கின்' என்று ஒரு சின்னக் காரை விட்டு அதுவும் போகவில்லை. அதற்கடுத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி பெயரில் ஒரு கார். ராக்னி 1931-ல் விமான விபத்தில் இறந்துபோனார், கார் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் இரண்டு வருடம் தாங்கவில்லை. ஒயிட் என்ற லாரிக் கம்பெனியிடம் ரொக்கம் இருந்தது, அதை இணைத்துக்கொண்டால் மூச்சு விடலாம் என்று அதன் பங்குகளை வாங்கினார். சிறு பங்குதாரர்கள் இணைப்புக்கு முட்டுக்கட்டை போட்டுவிட்டார்கள்.

1933 மார்ச்சில் கம்பெனி நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போனது. ஜூலை முதல் தேதி எர்ஸ்கின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை வில்லனாக எழுதுவது சுலபம், எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கார் மோசமாக இருந்ததால் கம்பெனி விழவில்லை, நல்ல காலத்துப் பணத்தை எல்லார் கையிலும் கொடுத்துச் சந்தோஷப்படுத்தியதால் விழுந்தது. முப்பது வருடம் கழித்து இதே கதை மறுபடி வரும்.

காப்பாற்றியவர்கள் பால் ஹாஃப்மன், ஹரால்ட் வான்ஸ் என்ற இரண்டு அதிகாரிகள். 1935-ல் கடன் சுமையிலிருந்து வெளியே வந்து, 1939-ல் 'சாம்பியன்' என்ற எடை குறைந்த, பெட்ரோல் அதிகம் குடிக்காத காரை விட்டார்கள். அது கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. இதே ஹாஃப்மன்தான் பிறகு ஐரோப்பாவைச் சீரமைத்த மார்ஷல் திட்டத்தை நடத்தியவர்.

கேள்வி: ரஷ்யர்களுக்கு ஸ்டுடிபேக்கர் என்றால் லாரிதான் ஞாபகம் வருமாமே?

ஆமாம். இரண்டாம் உலகப் போரில் யு.எஸ்.6 என்ற லாரியை ஏறக்குறைய 2 லட்சம் செய்தார்கள், பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. சேற்றிலும் பனியிலும் சளைக்காமல் ஓடியதால் அந்த வீரர்கள் அதற்கு 'ஸ்டூடர்' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். கத்யூஷா ராக்கெட்டுகளை ஏற்றிச் சுட்டதும் பெரும்பாலும் இந்த லாரி முதுகிலிருந்துதான்.

கேள்வி: ஒரு பழைய படத்தில் விமான மூக்கு மாதிரி முன்பக்கம் உள்ள காரைப் பார்த்தேன். அது ஸ்டுடிபேக்கரா? அழகா, அசிங்கமா, உங்கள் தீர்ப்பு?

1950 மாடல். நடுவில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு மூக்கு. அசிங்கம்தான், ஆனால் பார்த்தால் மறக்காத அசிங்கம்! விற்பனையில் குறை வைக்கவில்லை, அந்த மாடல் 3 லட்சத்தைத் தாண்டியது, கம்பெனி வரலாற்றில் அதுதான் உச்சம்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் 1947 மாடல் வந்தபோது மற்ற பெரிய கம்பெனிகள் போருக்கு முந்தைய காரையே பெயிண்ட் அடித்து விற்றுக்கொண்டிருந்தன. இவர்கள் புத்தம் புது உருவத்தோடு முந்திக்கொண்டார்கள். அதில் ஒரு கூப்பேவுக்கு (இரண்டு கதவுள்ள கார்) பின்கண்ணாடி சுற்றி வளைத்துக்கொண்டு வரும். வண்டி வருகிறதா போகிறதா என்றே தெரியவில்லை என்று அமெரிக்காவில் ஜோக் அடித்தார்கள். இந்த உருவங்களுக்குப் பின்னால் இருந்தது ரேமண்ட் லோவியின் வடிவமைப்புக் குழு. அந்தக் குழுவில் ராபர்ட் பூர்க் வரைந்த 1953 கூப்பேவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாழ்வாக, நீளமாக, தேவையில்லாத குரோமியம் எதுவும் இல்லாமல். அந்தக் காலத்து அமெரிக்க கார்களுக்கு நடுவில் அது நகை போடாமல் கல்யாணத்துக்கு வந்த பெண் மாதிரி இருக்கும், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

கேள்வி: இவ்வளவு அழகான காரைச் செய்தவர்கள் ஏன் தோற்றார்கள்? யூனியன்தான் கெடுத்தது என்கிறார் என் மாமா.

உங்கள் மாமா சொல்வதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், இது கொஞ்சம் நீளும்.

அந்த 1953 கூப்பேவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் செடானைத்தான் அதிகம் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுத் தயாரிப்பைத் திட்டமிட்டார்கள், வந்த ஆர்டரெல்லாம் கூப்பேவுக்கு. இரண்டுக்கும் பாடித் தகடுகள் வேறு வேறு, அதை இதில் மாட்ட முடியாது. சரி, கூப்பேவை வேகமாகச் செய்வோம் என்றால், அதன் அடிச்சட்டம் பலமில்லாமல் வளைந்து கொடுத்தது. எஞ்சினை வைத்தவுடன் முன்பக்கத் தகடுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. ஷோரூமில் வாங்க ஆள் நிற்கிறான், ஃபாக்டரியில் கார் வெளியே வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஃபோர்டும் செவ்ரலேவும் முதலிடத்துக்கு அடித்துக்கொண்டு, டீலர்கள் தலையில் கார்களைக் கொட்டி விலையை உடைத்தார்கள். யானைகள் சண்டை போட்டால் புல்லுக்குத்தான் சேதம். செவ்ரலேவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்டுடிபேக்கர், நாஷ், ஹட்சன், பேக்கார்ட் மாதிரி தனிக் கம்பெனிகள்தான் நசுங்கின.

இதெல்லாம் நடக்கும்போது சவுத் பெண்ட் ஃபாக்டரி எப்படி இருந்தது? பழைய பல மாடிக் கட்டடங்கள். போர் முடிந்து காருக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற அந்த ஐந்தாறு வருடம் கம்பெனி நல்ல பணம் பார்த்தது. அதில் பங்குதாரருக்கு டிவிடெண்டு தாராளமாகப் போனது. தொழிலாளர்களுக்குப் பெரிய கார் கம்பெனிகள் இருந்த டெட்ராய்ட்டைவிட அதிகக் கூலி, வேலை வாங்குவதிலும் கெடுபிடி கிடையாது. வேலைநிறுத்தம் வந்து தயாரிப்பு நின்றுவிடக்கூடாது என்று நிர்வாகம் கேட்டதெல்லாம் கொடுத்தது. அப்பாவும் மகனும் ஒரே ஃபாக்டரியில் வேலை செய்யும் குடும்பங்களை விளம்பரத்திலேயே போட்டுப் பெருமைப்பட்டார்கள். யூனியன் கேட்டது, அது அவர்கள் வேலை. தலையாட்டியது யார்? நிர்வாகம். இரண்டு பக்கமும் சேர்ந்து புது இயந்திரத்துக்குப் போயிருக்க வேண்டிய பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள்: நிலைமை கைமீறியதும் 1954-ல் அந்த யூனியன்காரர்களே ஓட்டுப் போட்டுக் கூலிக் குறைப்பை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கேள்வி: பேக்கார்ட் என்ற உசத்தி காரை ஸ்டுடிபேக்கர்தான் கொன்றது என்பது உண்மையா?

காகிதத்தில் பார்த்தால் 1954-ல் பேக்கார்ட்தான் ஸ்டுடிபேக்கரை வாங்கியது. வாங்கிய பிறகுதான் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகத் திறந்து பார்த்தார்கள் போலிருக்கிறது. நட்டமில்லாமல் நடக்க ஸ்டுடிபேக்கர் வருடத்துக்கு ஏறக்குறைய 2,80,000 கார் விற்க வேண்டும் என்று தெரிய வந்தது. அந்த வருடம் அது ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பெண் பார்க்கும்போது விசாரிக்காமல் தாலி கட்டிய பிறகு கடன் பத்திரத்தைப் பார்த்த மாதிரி.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. நாஷ் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மேசன், நான்கு தனிக் கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற பெரிய மூன்றையும் எதிர்த்து நிற்க முடியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாஷும் ஹட்சனும் 1954 மே மாதம் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. பேக்கார்ட், ஸ்டுடிபேக்கர் சேர்ந்தது அக்டோபரில். அதே அக்டோபரில் மேசன் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் ராம்னி இரண்டு ஜோடிகளையும் ஒன்றாக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டார். மேசன் இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் என்று யோசிப்பதுண்டு. நான்கு கடன்காரர்கள் சேர்ந்தால் ஒரு பணக்காரர் ஆகிவிடுவாரா என்றும் தோன்றுகிறது.

பேக்கார்ட் கதி? 1956-ல் டெட்ராய்ட் ஃபாக்டரியை மூடினார்கள். அடுத்த இரண்டு வருடம் ஸ்டுடிபேக்கர் பாடிக்கு அலங்காரம் செய்து பேக்கார்ட் என்று பெயர் ஒட்டி விற்றார்கள், ஜனங்கள் 'பேக்கார்ட்பேக்கர்' என்று கிண்டல் செய்தார்கள். 1958-ல் அதுவும் முடிந்தது. ஆகக் கொன்றது ஸ்டுடிபேக்கரா என்றால், நீச்சல் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், பேக்கார்ட் முதலில் முழுகியது.

கேள்வி: லார்க், அவாண்டி பற்றி ஒரு வார்த்தை?

ஒரு வார்த்தை போதாது. லார்க் 1959-ல் வந்த சின்னக் கார். புதிதாக எதுவும் இல்லை, 1953-லிருந்து ஓடிக்கொண்டிருந்த செடானின் முன்னும் பின்னும் நறுக்கிச் சுருக்கினார்கள். சாமர்த்தியமான வேலை, செலவும் குறைவு. பெரிய கம்பெனிகளிடம் அப்போது சின்னக் கார் இல்லாததால் நன்றாக விற்றது, கம்பெனி லாபம் பார்த்தது. அந்த லாபத்தை வைத்து அடுத்த காரைச் செய்தார்களா? இயக்குநர் குழுவில் பலருக்குக் காரின்மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது, வேறு வேறு தொழில்களை வாங்கிப் போட்டார்கள். எஞ்சினில் ஊற்றும் எஸ்.டி.பி. எண்ணெய்கூட அவர்கள் கைக்கு வந்தது. 1960 மாடல்களாக ஃபோர்டு ஃபால்கன், செவ்ரலே கார்வேர், கிரைஸ்லரின் வேலியன்ட் மூன்றும் வந்து இறங்கின, லார்க்கின் ஆட்டம் முடிந்தது.

1961-ல் தலைவராக வந்த ஷெர்வுட் எக்பர்ட் ஒரு கடைசி முயற்சி செய்தார். லோவியையும் மூன்று பேரையும் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வாடகை வீட்டில் உட்காரவைத்து, சில வாரங்களில் வரைந்து வாங்கியதுதான் அவாண்டி. ஃபைபர்கிளாஸ் பாடி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், முகத்தில் கிரில்லே கிடையாது. 1962-ல் காட்டியவுடன் ஊர் வாய் பிளந்தது. வெளியில் செய்யக் கொடுத்த ஃபைபர் பாடிகள் சரியாகப் பொருந்தாமல் வந்து மாதக்கணக்கில் தாமதம். முன்பணம் கட்டியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கார் வாங்கிப் போனார்கள். இரண்டு மாடல் வருடத்திலும் சேர்த்து 5,000-கூட வரவில்லை. 1953-ல் பட்ட அடியே மறுபடி, வேறு தகட்டில். எக்பர்ட் புற்றுநோயோடு போராடிக்கொண்டே வேலை பார்த்தவர், 1963 நவம்பரில் விலக வேண்டியதாயிற்று.

கேள்வி: ஃபாக்டரி மூடியபோது தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. கார் பிரியர்கள் பெரும்பாலும் அவாண்டியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1963 டிசம்பர் 9-ஆம் தேதி அறிவிப்பு. டிசம்பர் 20-ஆம் தேதி சவுத் பெண்டில் கடைசிக் கார் இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கிறது. அப்பாவும் மகனும் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று விளம்பரம் போட்டார்கள் அல்லவா, இப்போது அந்த வீடுகளில் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றது.

அதைவிடப் பெரிய அடி பென்ஷன். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் கூலியை நிறைய உயர்த்துவதற்குப் பதில் பென்ஷனை உயர்த்துவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்துக்கொண்டே வந்தது. வாக்குக் கொடுப்பதற்கு அன்றைக்கே காசு வேண்டாமே, 30 வருடத்தில் மெதுவாக நிதியில் கட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கம்பெனி அவ்வளவு நாள் இருக்கவில்லை. நிதியைப் பிரித்தபோது ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயது தாண்டித் தகுதி பெற்றவர்களுக்கும் முழுப் பென்ஷன் கிடைத்தது, ஏறக்குறைய 3,600 பேர். 40-லிருந்து 59 வயது வரை, பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த சுமார் 4,000 பேருக்கு சேர வேண்டியதில் 15 சதவீதம் மட்டும். அதாவது டாலருக்கு 15 சென்ட். இவர்களின் சராசரி வயது 52, சராசரி சர்வீஸ் 23 வருடம். அந்த வயதில் அந்த ஊரில் வேறு எந்த ஃபாக்டரி கூப்பிடும்? மீதி சுமார் 2,900 பேருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. சட்டப்படி எந்தத் தப்பும் நடக்கவில்லை, அதுதான் கொடுமை.

இந்த விவகாரம் வாஷிங்டன் வரை போய், பத்து வருட இழுபறிக்குப் பிறகு 1974 செப்டம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்ட பென்ஷன் பாதுகாப்புச் சட்டமாக வந்தது. அமெரிக்காவில் கம்பெனி முழுகினாலும் அரசு சார்ந்த காப்பீட்டு நிறுவனம் ஒரு வரம்பு வரை பென்ஷன் கொடுக்கும் ஏற்பாடு அதிலிருந்துதான். அந்த 4,000 பேருக்கு அது பயன்படவில்லை, சட்டம் பின்னோக்கிப் பாயவில்லை.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது: கம்பெனி அப்போது சாகவில்லை. கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை கார் செய்தார்கள், கடைசியில் அதற்கு எஞ்சின்கூட ஜெனரல் மோட்டார்ஸ் வகையறாவுடையது. காரை விட்ட பிறகும் வாங்கிப்போட்ட மற்ற தொழில்கள் லாபத்தோடு ஓடின, 1967-ல் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்டுடிபேக்கர்-வொர்த்திங்டன் ஆனது. பங்குதாரர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

கேள்வி: இப்போது பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சவுத் பெண்டில் ஸ்டுடிபேக்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில் நாடக அரங்குக்குப் போன குதிரை வண்டி அங்கேதான் நிற்கிறது (அது இவர்கள் செய்ததில்லை, பிற்பாடு விலைக்கு வாங்கியது). 1963 டிசம்பரில் கடைசியாக இறங்கிய காரும் அங்கே இருக்கிறது. அவாண்டியை அந்த ஊர் டீலர்கள் இரண்டு பேர் உரிமை வாங்கி, செவ்ரலே கார்வெட் காரின் எஞ்சின் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்றார்கள். ஊருக்கு மேற்கே பழைய சோதனை ஓட்ட மைதானத்தில் ஆயிரக்கணக்கான பைன் மரங்களை 1930-களில் ஸ்டுடிபேக்கர் என்ற ஆங்கில எழுத்துகளின் வடிவில் நட்டார்கள். இப்போது அது பொதுப் பூங்கா. கீழே நடந்தால் வெறும் காடு, விமானத்திலிருந்து பார்த்தால் பெயர் படிக்கலாம்.

கேள்வி: உங்களுக்கு ஒரே ஒரு ஸ்டுடிபேக்கர் இலவசமாகக் கொடுத்தால் எது?

1953 கூப்பே. துரு பிடிக்காத மட்கார்டோடு கொடுப்பதாக இருந்தால்.